கொப்பியின் பின்பக்கம்

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் எட்டு வருடத்துக்குப் பிறகு ஊரில் பெரிய ஆளாகிவிட்டீர்கள். உங்களுக்குத்தான் அது தெரியாது. ஊருக்கும் தெரியாது.

உங்கள் கூட்டாளி, அதுதான் சோதனைக்கு முதல்நாள் உங்கள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகிறவர், இப்போது நல்லூரில் பௌதிகவியல் ரியூசன் வாத்தியார். மதிலுக்கு மதில் அவருடைய படம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நிலையைப் பார்த்தால் நியூற்றனே இவரிடம் படித்தவர் என்று தோன்றும். வகுப்பில் பின்வரிசை வாங்குப் பிள்ளைகளுக்கு மைக்கில் குரல் மட்டும்தான் வரும். அவர் விடையைச் சொல்லுவார், பிள்ளைகள் அடிக்கோடு போடுவார்கள். இதற்குப் பெயர் படிப்பாம்.

என் மகள் துளசியும் அங்கேதான் போகிறாள். அனுப்பியவள் நான்தான். எல்லாரும் அனுப்பினார்கள், நானும் ஆட்டுமந்தையோடு சேர்ந்துகொண்டேன்.

போன கிழமை வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு. அறுபது கிலோ மனிதர் உயர்த்தியில், அதுதான் லிஃப்டில், நிற்கிறார். அது இரண்டு என்ற ஆர்முடுகலோடு, வேகம் கூடிக்கூடி, கீழே இறங்குகிறது. ஈர்ப்பைப் பத்து என்று வைத்தால், தளம் அவரைத் தாங்கும் விசை எவ்வளவு? துளசிக்கு 480 வந்தது. வாத்தியார் பிறகு போட்டோகொப்பியில் கொடுத்த ரியூட் தாளில் 720. எழும்பிக் கேட்டிருக்கிறாள். மைக்கில் பதில் வந்தது.

"எல்லாருக்கும் எழுநூற்றிருபது வருது. உமக்கு மட்டும் என்னெண்டு வேறை வரும்?"

மண்டபமே சிரித்ததாம். அதில் எத்தனை பேர் சொந்தமாகச் செய்து பார்த்திருப்பார்கள், அண்ணை?

வீட்டுக்கு வந்தவள் கொப்பியை அழிறப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வழியை வளைச்சுப்போட்டன் அம்மா. இப்ப எனக்கும் எழுநூற்றிருபது வருது," என்றாள். இனி இந்தப் பிள்ளை தன் கைக்கு வந்த சரியை நம்புமா?

ரியூட்டை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து உங்களுடையது. ஏழுக்கு இடுப்பில் கோடு போட்டு, விடைக்குப் பெட்டி கட்டி. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு, ஒரு ஞாபகத்துக்கு என்று அவர் கேட்டு வாங்கிப்போன கொப்பி. மாதம் முடிய முதலே திருப்பித் தந்தார். நல்ல மனிதர் என்று நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ஈயடிச்சான் கொப்பி அடித்தவர் உங்கள் பெயரை மட்டும் கவனமாக விட்டிருக்கிறார்.

அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் 720தான். நீங்கள் பிழையை ஒருநாளும் அழிக்கிறதில்லையே. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் சிவப்புப் பேனையால் உங்களுக்கே எழுதியிருந்தீர்கள்.

"பிழை. கீழை போக வெளிக்கிட்டால் பாரம் குறையுமடா, மடையா. 480."

அந்தச் சோம்பேறி முன்பக்கங்களை மட்டும் போட்டோகொப்பி அடித்திருக்கிறார். இத்தனை வருடமாக அந்தக் கணக்கை அவர் ஒருதரம்கூடச் செய்து பார்க்கவில்லை.

துளசியிடம் காட்டினேன். "மாமாவும் பிழை விடுறவரோ?" என்று கேட்டாள். "ஓம், நிறைய," என்றேன். அவள் தன் கொப்பியை இழுத்து, வளைத்த வழியை வெட்டிவிட்டு, 480 என்று பேனையால் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நானும் போகிறேன், அண்ணை. இந்தப் பின்பக்கத்தை அவருடைய மைக்கிலேயே உங்கள் பெயர் சொல்லி வாசிப்பேன். 'மடையா'வையும் விடமாட்டேன். அதை அவரைப் பார்த்துத்தான் வாசிப்பேன்.

அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்த,
உங்கள் தங்கச்சி