படத்துக்கு வைத்திருந்த மூச்சு

திங்கள். மழை இருட்டு. மழை இல்லை.

நாளை வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போவது மூன்று பேர்: இவர், நான், இவரின் தங்கச்சி சாந்தி. கொண்டுபோக: பழைய ஸ்கான் படம், மூச்சுக்கு இழுக்கும் பம்ப், சுடுதண்ணிப் போத்தல், திருநீறு.

போன வருசப் படத்தில் இடது நுரையீரலின் கீழ்க் குழாய்களில் சளி கட்டிபட்டு அடைப்பு. அதன் பிறகுதான் இந்தப் புது ஊசி. டொக்டர் சொன்னது: "சுகம் எண்டு வாயாலை சொன்னால் காணாதம்மா. அடைப்புக் கரைஞ்சிருந்தால் ஊசி தொடரும். இல்லையெண்டால் நிப்பாட்டுவம்." நிப்பாட்டினால் வேறு மருந்து இல்லை. அதையும் சொன்னார்.

நாளைக்கு எடுக்கும் படத்துக்கு மூச்சை இழுத்துப் பிடிக்க வேணும். ஒரு கிழமையாய்ப் பழக்கம். நான் தேவாரத்தில் ஓரடி பாடி முடியும்வரை இவர் பிடிப்பார். இன்று முழு அடியும்! "இழுத்து இழுத்துப் பாடாதையப்பா, செத்துப்போவன்." சிரிப்பு வேறு.

செவ்வாய், பின்னேரம்.

உடுப்பு மாத்தும் இடத்தில் மோதிரம், அரைஞாண் எல்லாம் கழட்டி வாங்கினேன். கோயில் ஐயா மந்திரிச்சுக் கட்டிவிட்ட அச்சரக்கூட்டை மட்டும் மனம் விடவில்லை. செப்புத் தகடு வைத்தது. ஆஸ்பத்திரிச் சட்டைக்குள், இடது பக்கம், சேஃப்டி பின் ஒன்றால் குத்திவிட்டேன்.

சாந்தி: "மச்சாள், ஒண்டும் இருக்கக்கூடாதாம்."

"இது நகையில்லையடி. சாமி."

மூச்சு அருமையாகப் பிடித்தாராம். படம் எடுத்த தம்பி வெளியே வந்தார். "நெஞ்சிலை என்னம்மா கிடக்கு? பாக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளைக் கீறு."

கழட்டி, திரும்ப. இருமல் பிடித்துவிட்டது. பாதியில் மூச்சை விட்டுவிட்டார். படம் கலங்கல். மூன்றாம் தரம் எடுக்க விடவில்லை, ஒட்சிசன் வைத்தார்கள்.

ஒரு நல்ல மூச்சுத்தான் இருந்தது. முருகா.

பஸ்ஸில் இவர் ஏசவில்லை. "சாமிக்கும் என்னோடை படம் எடுக்க ஆசை." ஓமந்தை வரை சாந்தி சிரித்தாள். ஏசியிருக்கலாம்.

வியாழன். வெயில். உடுப்புத் தோய்த்தது. முருங்கையிலை.

சாந்தி டொக்டருக்குப் போன் எடுத்தாள். இரண்டு படமும் பெரிய டொக்டரிடம் போயிருக்காம். வாசிக்க முடிந்தால் வாசிப்பார். முடியாவிட்டால் புதுப் படம், எப்போதென்று தெரியாது. அதுவரை ஊசி இல்லை. அடுத்த ஊசி திங்கள்.

இவர் குசினி வாசலில், கதிரையில், மூச்சு இளைச்சு இளைச்சு. "பாடனப்பா, பிடிச்சுப் பாப்பம்." பாடினேன். முதல் சொல்லிலேயே இருமல்.

முருகா, உன்னை நம்பித்தான் அவ்விடத்தில் குத்தினேன். மறைச்சுக்கொண்டு நிண்டது நீ. கரைஞ்சதோ, இல்லையோ? எதெண்டாலும் சரி. திங்களுக்கு முதல் ஒரு பதில் சொல்லு.