வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு

மலைமேல் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். இங்கே உடம்பால் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் தம்பி அங்கே வந்து பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். வீட்டுக்காரர் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் இருக்கட்டும்.

முதலில் இங்கத்துச் செய்திகள். பல்செட் செய்யும் எங்கள் கூடத்தில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் ஒரு வயசாளி வந்து, முன்பல் கொஞ்சம் கோணலாகவே இருக்கட்டும், நிறமும் பழுப்பாகவே இருக்கட்டும் என்று அடம் பிடித்தார். வெள்ளை வெளேரென்று பல்லை மாட்டிக்கொண்டு போனால் வீட்டில் அந்தம்மா கதவைத் திறக்க மாட்டார்களாம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நான் ஆசையாக உட்கார்ந்து அந்தக் கோணலை மெழுகில் செதுக்கிக் கொடுத்தேன். கதவு திறந்ததா இல்லையா என்று அவர் வந்து சொல்லவில்லை.

கீழ்வீட்டு அக்கா வழக்கம்போல என்னைப் படியில் மடக்கி, எப்ப வர்றார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கார் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நீங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூறலில் குடையை மறந்துவிட்டு, கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்து, வரேன் என்றீர்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். முன்னே போனபோதெல்லாம் சில வாரத்தில் திரும்பியவர்தானே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அது வாய்ப்பழக்கம், கிளம்பும்போது யாராவது போறேன்னு சொல்வாங்களா என்று கேட்டீர்கள். நியாயம்தான். சின்ன வயதில் நான் வாய் தவறிப் போறேன் என்று சொல்லிவிட்டால் எங்கம்மா தெரு முனையிலிருந்துகூடத் திரும்பக் கூப்பிட்டு, ஒழுங்காச் சொல்லிட்டுப் போடி என்பாள். நம் எல்லோருக்கும் அப்படித்தான் வாய் வளர்ந்திருக்கிறது. ஆனால் உங்களுக்கு அது விடைபெறுகிற வார்த்தை, எனக்கு அது வாக்கு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள், நான் காத்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் இருவரில் கும்பிடுகிறவள் நான். நீங்கள் வெளியே நின்று செருப்புக்குக் காவல். உள்ளே எவ்வளவு நேரம்தான் பேசுவே, எனக்கும் சேர்த்துக் கேட்டியா என்று கிண்டல் செய்வீர்கள். நீங்கள் பழுது பார்க்கப் போன அந்த லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் உங்களோடு கீழே சறுக்கி, பாதியில் தானாக நின்றதே, அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ பிடிச்சாங்க என்று மட்டும் சொன்னீர்கள். மறுநாள் என்னோடு உள்ளே வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அப்புறம் நீங்கள் என்னைவிட அதிக நேரம் உள்ளே உட்கார்ந்தீர்கள். அப்புறம் நான் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டேன். கடவுள்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள், பட்டேன். இப்போது நான் கும்பிடுவதே இல்லை. கண்ணை மூடினால் அந்தப் பக்கம் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனிமேல் எழுதப்போவதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு, விளக்குப் போடுவதற்குச் சற்று முன்னால், தினமும் படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிற நடை. அந்த ஆடுகிற படியில் வந்ததும் கிரீச். வாசலில் ஒரு இருமல், ஒன்றே ஒன்று. அப்புறம் ஜன்னல் கம்பியில் குடையை மாட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் விட்டுப்போன குடை கம்பியில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றுக்கு இருமல் வருமா? செத்தவர்கள் வந்தால் அதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். உயிரோடு இருக்கிறவர் வந்தால் யாரைப் போய்க் கேட்பது? எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, அந்த நேரம் வருவதற்குள் முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு உட்கார ஆரம்பித்துவிட்டேனே, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

என் முகம் போகிற போக்கைப் பார்த்து டீச்சர்தான் என்னை வீட்டைவிட்டு வெளியே இழுத்தாள். கணக்கு டீச்சர், கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிறவள், உங்களுக்குத் தெரியும். அவளோடு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற நம் கண்ணாடிக்காரியும் சேர்ந்துகொண்டாள். வேலை முடிந்ததும் மூவரும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். ஆற்றுப் படகில் ஏறி அக்கரை போய், இறங்காமலே அதே படகில் திரும்பி வருவோம். படம் பார்ப்போம், பாதியில் பிடிக்காவிட்டால் எழுந்து வந்து பூங்காவில் உட்கார்ந்து முடிவை நாங்களே வைப்போம். நான் சிரிக்கிறேன், நன்றாகவே சிரிக்கிறேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

எங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்தப் பெரிய மேஜை நாற்காலிக் கடை. மேல் மாடியில் வீடு மாதிரியே அறை அறையாக ஜோடித்து வைத்திருக்கிறார்கள். அலமாரியில் அட்டைப் புத்தகம், சுவரில் எங்கேயும் போகாத ஒரு கதவு. அங்கே ஒரு ஜோடிக் கட்டிலில் மூவரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்காரி சொன்னாள், எங்க வீட்டுல மனுஷன் நாள் பூரா இருக்கார்டி, அவர் இருமுறது எனக்குக் காதுலயே விழுறதில்லே, உனக்கு மலையிலேர்ந்து விழுதாக்கும் என்று. டீச்சர் விடவில்லை. அவர் உனக்கு இருக்காரா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு, கணக்குல ரெண்டும் சரின்னு விடை கிடையாது என்றாள். நான் பேச்சை மாற்றி மெத்தை நன்றாக இருக்கிறது என்றேன். விற்பனைப் பெண் வந்து உட்காரக் கூடாது என்று எழுப்பிவிட்டாள்.

இறங்கும்போது லிஃப்டில் ஏறினோம். நான் ஏற மாட்டேன் என்றுதான் சொன்னேன், கண்ணாடிக்காரிக்கு முழங்கால் வலி. இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. கண்ணாடிக்காரி கடவுளே கடவுளே என்றாள். எதையும் நம்பாத டீச்சரும் கடவுளே என்றாள். என் வாயில் அது வரவில்லைங்க. என்னங்க என்று வந்தது. நீங்கள் பக்கத்து அறையில் இருப்பது மாதிரி, சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். தலைக்கு மேலே, லிஃப்டின் கூரையில், ஒரு இருமல் கேட்டது. ஒன்றே ஒன்று. உடனே விளக்கு வந்தது, லிஃப்ட் மெதுவாக இறங்கிக் கதவைத் திறந்தது. வெளியே வந்து பார்த்தால் மெக்கானிக் என்று யாரையும் யாரும் கூப்பிடவே இல்லை. இருமலை டீச்சரும் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் கணக்குப் பேசுவதில்லை.

அடுத்த வாரம்தான் உங்கள் தம்பி வந்தார். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே சொன்னார், பாவம். துறவியாவதற்கான கடைசி விரதம் எடுக்க நீங்கள் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். வீட்டுல இருக்கறவங்க வாயால போகச் சொல்லணும், அவங்க கையால அதை எழுதி அனுப்பணும், அதுவரைக்கும் நீ பாதி ஆள்தான் என்று உங்கள் மடத்துப் பெரியவர் சொல்லிவிட்டார். இதைச் சொல்லிவிட்டு, வேடிக்கை மாதிரி மீதியையும் சொன்னார். சாயங்காலப் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் அண்ணன் மனசு வீட்டுக்குப் போயிடுதாம் அண்ணி, படி ஏறுறாராம், இருமுறாராம், குடையை மாட்டுறாராம், உள்ளே வர மட்டும் முடியலையாம் என்றார். கொஞ்ச நாளா வீடு பூட்டிக் கிடக்காம், வாசல்லயே நிக்கிறாராம். ஒருநாள் நின்னு பார்த்துட்டுக் கடைத்தெருப் பக்கம் போனாராம், அன்னிக்குப் பிரார்த்தனை முடியுற வரைக்கும் மூக்குல ஒரே கிரீஸ் வாசனையாம். இதைச் சொல்லிவிட்டு உங்கள் தம்பி காப்பி கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

நான் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் பூட்டிய வாசலில் நின்றிருக்கிறீர்கள். இத்தனை நாளும் நீங்கள்தான் வந்து என்னைப் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைத்தேன். இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான். உடம்பு பாதியாகிவிட்டது, தூக்கமே இல்லை, கன்னம் ஒட்டிவிட்டது என்றெல்லாம் தம்பி சொன்னார். அங்கே உட்கார முடியவில்லை, இங்கே உள்ளே வர முடியவில்லை என்றால் ஒரு மனுஷன் எங்கேதான் இருப்பான்?

நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்டிலிருந்து ஆளை இழுக்கக் கூடாது, இழுத்தால் குழிக்குள் விழுந்துவிடுவான் என்று. மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, மேலேயோ கீழேயோ எது கிட்டமோ அந்த மாடியில் முதலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும் என்பீர்கள். நான் ராத்திரியெல்லாம் யோசித்தேன். உங்களுக்கு எந்த மாடி கிட்டம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது நம் வீடாக இருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது. இன்னும் இருக்கிறது. அதை உங்கள் கடவுளிடமே நேரில் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் நடுவில் வர வேண்டாம்.

வருகிற வியாழக்கிழமை நான் எங்கும் போகப் போவதில்லை. டீச்சரிடமும் கண்ணாடிக்காரியிடமும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். வாருங்கள், பயப்பட மாட்டேன். உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்காருங்கள். பேச வேண்டாம். அப்புறம் எழுந்து, இந்தத் தடவை வாய்ப்பழக்கத்தில் சொல்லாமல், சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பதிலுக்கு நான் சொல்ல வேண்டியதைப் படகில் வைத்து டீச்சரிடம் சொல்லிப் பழகிப் பார்த்தேன். போ என்று முதல் எழுத்து வருகிறது, அதற்குமேல் யிட்டு வாங்க என்று தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தும் அதே கதைதான். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் பெரியவருக்கு என் கையால் எழுதியது வேண்டும், அவ்வளவுதானே. எனக்கு எப்படிச் சொல்ல வருகிறதோ அப்படி எழுதுகிறேன், அவர் அதையே ஏற்றுக்கொள்ளட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இருமலுக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தேடிப் போனது உங்களுக்குக் கிடைக்கட்டும், உங்கள் மனசு இருக்கிற இடத்தில் இருக்கட்டும், நன்றாக இருங்கள். மலையில் மழை ஓய்வதே இல்லை என்று தம்பி சொன்னார். அது ஜன்னல் கம்பியில்தான் மாட்டியிருக்கும். இந்தத் தடவையாவது மறக்காமல், குடையை எடுத்துக்கிட்டுப் போங்க.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி