பாதியில் நின்ற சவரம்

மார்ச் 4

இன்றும் கை மரத்துவிட்டது. டிசம்பரிலிருந்து இது நாலாவது தடவை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் சலூன் நாற்காலியில் சாய்ந்து, தாடையை உயர்த்திக் கண்ணை மூடியிருந்தார். கன்னம் முடிந்து கத்தி கழுத்துக்கு இறங்கும்போது என் வலது கை தோளிலிருந்தே இல்லாமல் போனது. கத்தி தரையில். பக்கத்து நாற்காலிக் கூட்டாளி ஓடிவந்து மீதியை முடித்தார். "பாதி தாடியோட அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்று வாத்தியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கைதான் சோறு போடுகிறது.

மார்ச் 11

நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நரம்புல ஒண்ணுமில்ல. மனசு டாக்டர் ஒருத்தரப் பாருங்க" என்றார். வெளியே வந்ததும் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். "எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியமா இருந்தா கூட்டிட்டா போவேன்? எப்பவோ ஓடிப் போயிருப்பேன்" என்றாள்.

மார்ச் 18

மனநல மருத்துவர் என் தங்கை வயதுப் பெண். எப்போதெல்லாம் மரக்கிறது என்று கேட்டார். முடி வெட்டும்போது இல்லை. சின்ன வயசுக்காரர்களுக்குச் சவரம் செய்யும்போது இல்லை. வயதானவர்களின் கழுத்துக்கு வந்தால்தான். சொல்லும்போதே உறைத்தது. இதை நானே ஏன் கவனிக்கவில்லை?

நமக்குத் தெரிந்து நாம் நினைப்பது மனதில் கொஞ்சம்தானாம். தாங்க முடியாததை நமக்கே தெரியாமல் உள்ளே தள்ளிவிடுவோம். அது சாகாது. கனவாக, வாய்தவறிய சொல்லாக, சில சமயம் உடம்பு நோயாக வேறு வேஷத்தில் வரும். அது கிடக்கும் இடத்துக்கு நனவிலி மனம் என்று பெயர் சொன்னார்.

"ரொம்ப ஒட்டச் சவரம் பண்ணினா முடி வெளிய வராம தோலுக்குள்ளயே சுருண்டு சீழ் வைக்குமே, அந்த மாதிரியா?" என்றேன்.

"அதேதான். எந்த முடின்னு பார்க்கணும். வீட்டுல வயசானவங்க யாராவது?"

"அப்பா. போன ஆகஸ்ட்ல தவறிட்டார். நாங்க நல்லாத்தான் இருந்தோம்."

அதற்குமேல் அவரைக் கேட்கவிடாமல் பேச்சை மாற்றினேன்.

மார்ச் 25

மருத்துவரிடம் போக மறந்தே போனேன். அந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்து, கழுவின சீப்புகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறந்தேனா?

ஏப்ரல் 1

கனவைச் சொன்னேன். நாற்காலியில் ஒருவர், முகம் முழுக்க நுரை. வழிக்க வழிக்க நுரைதான் வருகிறது, முகம் வரவில்லை.

"யாரா இருக்கும்?" என்றார் மருத்துவர்.

யாரோ கஸ்டமர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "யாரோ அப்பா" என்று வந்தது.

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 8

எழுதிவிட வேண்டும்.

அப்பா பக்கவாதத்தில் ஐந்து மாதம் பின்னறையில் கிடந்தார். "ஊர் முகத்தையெல்லாம் வழிக்கிற, எனக்கு ஒரு தடவ வழிச்சு விடேன்டா" என்பார். வாய் கோணியிருந்ததால் பாதிதான் புரியும். நாளைக்கு, நாளைக்கு என்றேன். தாடியோடுதான் போனார். கடையில் ஓயாத வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். நானும் அதையே நம்பினேன்.

இன்று, மனதில் தோன்றுவதை அப்படியே சொல்லுங்கள் என்றார் மருத்துவர். பெல்ட் என்றேன். அப்பாவின் பெல்ட். மார்க் குறைந்தால் விழும், பால் சிந்தினால் விழும், அம்மா குறுக்கே வந்தால் அம்மாவுக்கும் விழும். அப்புறம் – ஐயோ – அது வந்தது.

எல்லா நாளும் நாளைக்கு என்று சொல்லவில்லை. ஒருநாள் ஆரம்பித்தேன். நுரை போட்டேன். தாடையை உயர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி கழுத்தைக் கொடுத்தார். ஒரே ஒரு இழுப்பு போதும்னு தோணுச்சு. எனக்குத்தான் தோணுச்சு, வேற யாருக்கு? கத்தியை மடக்கி, துண்டால் நுரையைத் துடைத்து, "கடையில ஆள் காத்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அப்படி ஒரு நாள் இருந்ததே இன்று வாயில் வரும்வரை எனக்கு ஞாபகமில்லை.

"அந்த நினைப்ப உள்ள தள்ளிட்டீங்க. ஆனா அந்த மாதிரி கழுத்தப் பார்த்தா கை பயந்து நின்னுக்குது" என்றார் மருத்துவர். "நினைக்கறது வேற, செய்யறது வேற. நீங்க செய்யல."

ஆமா, செய்யல. அவருக்கு எதையுமே செய்யல. அதுதானே.

ஏப்ரல் 13

அம்மாவிடம் சொன்னேன். கத்தி, அந்த எண்ணம், எல்லாம். இனி முகத்தில் விழிக்காதே என்பாள் என்று நினைத்தேன். துணி மடிப்பதை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கே எத்தனையோ நாள் தோணியிருக்குடா" என்றாள்.

நாலைந்து துணி மடித்தபிறகு மறுபடி பேசினாள். "தாடிக்காகவா உன்னைக் கூப்பிட்டாரு? கிட்ட வந்து உட்காருன்னு கேக்க அந்த மனுஷனுக்கு வேற வழி தெரிஞ்சிருந்தாத்தானே."

கத்தி இல்லாமல் போய் உட்கார்ந்திருக்கலாம். ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அது எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 22

மரப்பு இப்போது விரல்களோடு நின்றுவிடுகிறது.

மே 6

நாலு தெரு தள்ளி, படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு வீட்டுக்கு வந்து சவரம் செய்ய ஆள் கேட்டார்கள். கூட்டாளி கிளம்பினார். நான் போகிறேன் என்றேன்.

கழுத்துக்கு வந்ததும் விரல்கள் மரத்தன. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"என்னாச்சு தம்பி?"

"ஒண்ணுமில்லங்கய்யா. கொஞ்சம் இருங்க."

விரல் திரும்பி வந்தது. முடித்தேன்.

அவருடைய மகனுக்கு என் வயதுதான் இருக்கும். நான் வந்ததிலிருந்து அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ஈரத்துண்டை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க துடைச்சு விடுங்க."

"எனக்கு இதெல்லாம் வராதுங்க."

"எனக்கும் வரல. சும்மா பக்கத்துல வந்து நில்லுங்க, போதும்."

துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து வாங்கிக்கொண்டார். அவர்கள் இருவரையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அப்பா படுத்திருந்தபோது எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியவில்லை.