இடது கால் பெடல்

மார்ச் 4, செவ்வாய்

கார் வந்துவிட்டது. பிரேக்குக்கு இடப்பக்கம் புதிதாக ஒரு பெடல். அதிலிருந்து ஒரு கம்பி குறுக்கே போய்ப் பழைய ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. அவ்வளவுதான். காரோடு வந்த பொருள் இல்லை, வெளியில் வாங்கிப் பொருத்தியது. நான் ஓட்டுவதென்றால் ஒரு ஊசியை உருவி, புதுப் பெடலைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டுவிடலாம்.

முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்து ஒன்பது மாதம். அன்றிலிருந்து என் மனைவியின் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடது காலால் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று பயிற்சிப் பள்ளிக்குப் பதினைந்து நாள் போனாள். உரிமத்திலும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். இப்படி ஒரு மாணவி எனக்கு வாய்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட மேசைக்கு அடியில் இடது கால் அழுத்திப் பழகிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் வியாழக்கிழமைக்காக. அவளுடைய அக்கா இருக்கும் முதியோர் இல்லம் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். முன்பெல்லாம் வியாழன்தோறும் தனியாகப் போய்வருவாள். இப்போது நான் கூட்டிக்கொண்டு போகிறேன். நானும் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேருமாக வெயிலைப் பற்றிப் பேசுகிறோம்.

மார்ச் 6, வியாழன்

காலையில் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ முட்டியது போல ஒரு குலுக்கல். காலை எடுத்தால் இன்னொன்று. இது ஆட்டோமேட்டிக்; கியர் தானாக மாறுவது. அவள் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் முகம் என்னவோ தப்பு செய்த முகமாக இருந்தது.

மருந்துக்கடை வரை போய்த் திரும்பிவிட்டாள். "டிரைவிங் ஸ்கூல் வண்டி இப்படிப் பண்ணலையே" என்றாள்.

பிறகு நான் ஓட்டிக்கொண்டு போனேன். வெயில் பற்றிப் பேசினோம்.

மார்ச் 7, வெள்ளி

பெடல் பொருத்திய மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். வேலைக்காகப் பேட்டரியைக் கழற்றியதில் கியர்பாக்ஸ் பழசையெல்லாம் மறந்துவிட்டதாம். ஓட்ட ஓட்டக் கற்றுக்கொள்ளுமாம். நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் ஆகுமாம்.

கற்றுக்கொள்ளும்! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கற்றுக்கொள்கிற எதையும் நான் பார்த்துக்கொள்வேன்.

மார்ச் 10, திங்கள்

மூன்று நாளாக நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். ஊசியை உருவுவது, பெடலைக் கழற்றுவது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவது, திரும்ப மாட்டுவது. சொன்னால் வேண்டாம் என்பாள்.

முரட்டு வகுப்பு ஒன்றைப் புதிதாக வந்த ஆசிரியையிடம் விடுவதற்கு முன் நான் ஒரு வாரம் போய் உட்கார்ந்து அமைதிப்படுத்தித் தந்ததுண்டு. அதே மாதிரிதான் இதுவும். குலுக்கலை நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் கைக்குப் போகும்போது வண்டி பதமாக இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

கியர் மாறுவதே தெரியவில்லை. இல்லத்துக்கு நான் ஓட்டிப் போகும் வழியெல்லாம் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. அவளுக்கு ஆச்சரியம். எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

மார்ச் 16, ஞாயிறு

முன்னைவிட மோசம். அவள் உட்கார்ந்து பெடலை அழுத்தினாள் - சீறிக்கொண்டு போய், தயங்கி, தடாலென்று ஒரு குலுக்கல். நான் மெதுவாக, மெதுவாக என்றேன். அவள் மெதுவாகத்தான் அழுத்தினாள். நான் பார்த்தேன்.

எனக்குப் பட்டுப்போல் ஓடுகிற வண்டி அவளுக்கு மட்டும் ஏன் இப்படி?

மார்ச் 18, செவ்வாய்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தப் பெடலை எடுத்துடச் சொல்லுங்க. உங்களுக்கு நல்லாத்தான் ஓடுது. என் காலுக்குத்தான் வரலை."

ஒன்பது மாதத்தில் இப்படி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. மேசைக்கு அடியிலும் கால் சும்மா இருந்தது.

மார்ச் 19, புதன்

ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அவள் சொன்னபடி பெடலை எடுக்க. மெக்கானிக் ஒரு கருவியைச் செருகிக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும் மனிதர், அவசரமே கிடையாது. வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டார். தினமும் விடியலில் நான்தான் ஓட்டிப் பதப்படுத்துகிறேன் என்று, வெட்கமில்லாமல், பெருமையாகவே சொன்னேன்.

"எந்தப் பெடல்ல சார்?"

"பழசுலதான். வலது கால்ல."

பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் செருகினார். "அப்ப அது உங்களைத்தானே சார் கத்துக்கிட்டிருக்கு."

பிறகு பொறுமையாக விளக்கினார். யார் எப்படி அழுத்துகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்பக் கியர்பாக்ஸ் தன் பிடியை வைத்துக்கொள்ளுமாம். நான் அழுத்துவது பெடலுக்கு அடியில் முட்டை இருப்பது போல. புதுப் பெடலோ, கொஞ்சம் தொட்டாலே பழையதை நிறைய இறக்கிவிடும். என் காலுக்குப் பழகிய வண்டி அவள் காலைக் கண்டதும் திகைக்கிறது.

முப்பத்தாறு வருடம். எத்தனை அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடத்தை நீங்கள் போட்டுத் தராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்!

பெடலை எடுக்கவில்லை. கற்றதையெல்லாம் அழித்துத் தரச் சொன்னேன். "இனிமே அம்மா மட்டும் ஓட்டட்டும். குலுக்கும். குலுக்கட்டும் விடுங்க" என்றார்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இரண்டு மாணவர்கள், ஒரே விடைத்தாள் என்று ஏதோ உதாரணத்தில் தொடங்கினேன். "உதாரணம் இல்லாம சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

"காலைல வண்டி எடுக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "பெடலை மாட்டி வெச்சீங்க. கண்ணாடியைத் திருப்பி வைக்க மறந்துட்டீங்க."

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?

"இந்த வயசுல மனுஷனுக்கு வண்டி ஓட்ட ஆசை வந்திருக்கு. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டேன்."

எனக்கா? ஓட்ட ஆசை? நான் ஓட்டினால் சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து மணி அடித்து வழி கேட்பார்கள் என்று இருபது வருடமாகக் கேலி பண்ணுகிறவள் இவள்.

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சொன்னது: "நாலு நாளா என் காலை நானே திட்டிக்கிட்டு இருந்தேன்."

இது தாங்கலை எனக்கு. திட்ட வேண்டியது என்னையல்லவா? நல்லது பண்றேன்னு போய் இப்படியா பண்ணுவான் ஒருத்தன்!

வண்டி இனி அவள் கையில். நான் தொடுவதில்லை. பக்கத்திலும் உட்காரக் கூடாதாம். நான் அங்கிருந்தே இல்லாத பிரேக்கை மிதிக்கிறேனாம்.

இன்று இல்லத்துக்குப் பேருந்தில் போனோம்.

மார்ச் 22, சனி

குலுங்குகிறது. நான் வாசலில் நிற்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

மறுபடியும் பேருந்து. முந்நூறு கிலோமீட்டர் ஆகட்டும் என்கிறாள். அவளாக வைத்துக்கொண்ட கணக்கு. அக்காவுக்குக் காது மந்தம், ரகசியம் என்று நினைத்து உரக்கவே தங்கையிடம் சொன்னாள்: "அடுத்த வாரமாவது இவரை வீட்ல விட்டுட்டு வா."

ஏப்ரல் 1, செவ்வாய்

திருப்பத்தில் அவள் மறைந்த பிறகு காது கொடுத்துக் கேட்டேன். இரண்டு, மூன்று. சத்தம் ஒரே சீராக ஏறிப் போயிற்று.

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். தனியாக. இரண்டு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஐந்தேகாலுக்குத்தான் வந்தாள், கன்னமெல்லாம் சிவந்து. அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்றேன். "உங்களைப் பத்தித்தான்" என்றாள்.

ஏப்ரல் 5, சனி

அவளுக்கு வீட்டில் வேலை இருந்தது. பெட்ரோல் போட்டுவரச் சொன்னாள். ஊசியை உருவி, பெடலைக் கழற்றி, என் வழக்கப்படி முட்டை மேல் வைப்பது போல் காலை வைத்தேன். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது தடாலென்று ஒரு குலுக்கல். திரும்பும்போதும் அதே.

வந்ததும் பெடலை மாட்டி, ஊசியைச் செருகினேன். கண்ணாடியையும் அவள் உயரத்துக்குத் திருப்பி வைத்தேன்.