ஆறு கால் எறும்பு

குட்டி எறும்புக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கம்போல் விசாரிப்போடு கடிதத்தை முடித்துவிடுவேன். நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம். உன் மணிக்கட்டு வீக்கம் வற்றியிருக்கும் என்று நம்புகிறேன். வற்றாவிட்டால் கட்டுத்துணியையாவது அவிழ்க்காமல் வைத்திரு, கையைத் தலைக்கு அடியில் வைத்துப் படுக்காதே. இங்கே லிஃப்ட் நின்று மூன்று மாதம் ஆகிறது, உன் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான்கு மாடி ஏறி இறங்குகிறாள், மாடிக்கு ஒரு தரம் நின்று என்னைத் திட்டுகிறாள், லிஃப்டை நான்தான் நிறுத்தி வைத்த மாதிரி. மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் கூடத்துச் சுவரில் இறங்கி உன் பள்ளிக்கூடப் போட்டோ மாட்டிய ஆணி வரை வந்துவிட்டது. மேல் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால், எங்க வீட்டுல எல்லாம் காஞ்சுதானே சார் இருக்கு என்கிறார். காயாமல் என்ன செய்யும், தண்ணீர் முழுக்க நம் வீட்டில் அல்லவா இருக்கிறது.

உன் படங்களுக்கு வேலை பிடித்துத் தருவதாகச் சொல்லும் அந்தம்மாவின் ஏஜென்ட் ஒப்பந்தத்தை, நீ அனுப்பியதை, மூன்று தடவை படித்து, பென்சிலால் ஓரத்தில் குறித்து இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இரண்டு ஞாயிறுக்கு முன்னால் போனில் நீ பேசியது முதலில். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், உன் மாமாவும் இருந்தார், வாரா வாரம் வந்து என் நாற்காலியில் உட்காருவாரே, அப்படி. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், அந்த ஏஜென்ட் அம்மா ஆளு சரியில்லப்பா, எட்டு வருஷத்துக்கு முன்னாடியே எனக்கு லெட்டர் போட்டாங்களாம், நான் வேண்டாம்னு அழகா பதில் எழுதினேனாம், அதை இன்னும் வெச்சிருக்காங்களாம், எவளையோ நினைச்சுக்கிட்டு என்கிட்ட பேசுறாங்க, இப்பவே ஆளை மாத்திப் பாக்குறவங்க நாளைக்கு என் படத்தை எவ பேர்ல குடுப்பாங்களோ, மாசக் கடைசிக்குள்ள வேண்டாம்னு எழுதிடப் போறேன் என்று. உன் அம்மா, அப்ப வேணாம்னே எழுதிடுடி என்றாள். உன் மாமா தட்டிலிருந்து கையை எடுக்காமல், நடுவுல ஒரு ஆள் எதுக்கும்மா, நேராப் போ, நேராப் பேசு என்றார். யார் சொல்வது பார். நீ என்னைக் கேட்டாய். நான், ஒப்பந்தத்தை அனுப்பு, படிச்சிட்டுச் சொல்றேன் என்று மட்டும் சொன்னேன். அது ஒரு பதிலா? பதில் எனக்கு அப்போதே தெரியும்.

உன் மாமாவின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். உனக்கு மூன்று வயதாகும்வரை நான் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தேன். இதயத்தின் குறுக்குவெட்டு, தவளையின் குடல், பூவின் பாகங்கள், பூச்சிகள். பதிப்பகத்துக்காரர்களிடம் பேச எனக்கு வராது, உன் மாமாவுக்கு வாய் உண்டு, அவர் நடுவில் நின்றார். முதல் நாளே சொன்னார், மாப்பிள்ளை, கீழ பேரெல்லாம் எதுக்கு, தவளையை அறுக்கிற பையன் உங்க பேரையா படிக்கப் போறான், மூலையை வெறுமையா விடுங்க, அச்சுல இடைஞ்சல் என்று. விட்டேன். ஆறு வருஷம் எல்லாப் படத்திலும் வலது மூலையை வெறுமையாக விட்டேன். பிறகு நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் பையைக்கூட இறக்காமல் ஓடி வந்து, எங்க கிளாஸ்ல மாட்டியிருக்கிற இதயம் படத்துல மாமா பேர் போட்டிருக்குப்பா, மாமா படமெல்லாம் வரைவாரா என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவளுக்கு அண்ணன். அதற்கு முன்பே நான் வரைபட அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன், அடுத்தவர் அளந்த நிலத்தை அடுத்தவர் போட்ட கோட்டின் மேல் திரும்பப் போடுகிற வேலை. அதிலேயே இருக்கிறேன். மாப்பிள்ளை இன்னும் அந்த ஆபீஸ்லதானா என்று உன் மாமா இன்றும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறார்.

இனி உனக்குத் தெரியாதது. அந்தம்மா ஆளை மாற்றிப் பார்க்கவில்லை. அவர் எழுதியது உனக்குத்தான். நீ கல்லூரி முடித்த வருஷம், கண்காட்சி வைக்க இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தாய். மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்களை வரைந்தாயே, அந்த ஒன்பது படங்களை அங்கே பார்த்துவிட்டு, வீட்டு முகவரியை வாங்கி எழுதியிருந்தார். தடித்த உறை, நல்ல காகிதம். நான் பிரித்தேன். அன்றைக்கே உன் பேரில் பதில் எழுதினேன், தனியாக வேலை செய்யவே விருப்பம், அன்புக்கு நன்றி என்று. கீழே உன் கையெழுத்தைப் போட்டேன். உன் பேருக்கு வாலாக ஒரு எறும்பு வரைவாயே, அதையும் வரைந்தேன். நன்றாகவே வந்தது. அவர் கடிதத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கிழித்தேன்.

நம்பிக்கை வராவிட்டால் அந்தம்மாவிடம் அந்தப் பதில் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார். உன் எறும்புக்கு எப்போதும் நாலு கால்தான், எட்டு வயதிலிருந்து அவசரத்தில் நாலோடு விட்டுவிடுவாய். அதில் இருக்கிற எறும்புக்கு ஆறு கால், உடம்பு மூன்று துண்டாக, உணர்கொம்பு மடிந்திருக்கும். பூச்சிகள் பாடத்துக்கு வரைந்த கை, நாலு காலோடு நிறுத்த வரவில்லை. அதைத் தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது, மாட்டிக்கொள்வேன் என்று எட்டு வருஷம் காத்திருந்தேன். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

உன் மாமா மாதிரி ஒருவரிடம் நீ சிக்கக் கூடாது என்றுதான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒப்பந்தத்தைப் படிக்கும்போது அந்தச் சாக்கு நிற்கவில்லை. அந்தப் பழைய கடிதத்தில் அவர் உன் பேரை மூன்று இடத்தில் எழுதியிருந்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் உன் பேர் அச்சாகும் என்று எழுதியிருந்தார். எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. எனக்கு வராதது என் வீட்டு வாசலுக்கு வந்து இன்னொருவர் பேரைக் கேட்டது, அது என் மகள் பேர் என்றாலும் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இந்த எட்டு வருஷமும் நீ காலையெல்லாம் பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதி, பதில் வராதவர்களுக்கு மறுபடி எழுதி, மிச்ச நேரத்தில் வரைந்தாய். ஒரு மருந்துக் கம்பெனி காலண்டருக்கு ஒரே குழந்தையைப் பதினோரு முறை மாற்றி வரையச் சொன்னார்களே, போதும் என்று உன் சார்பில் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் உன் கை இன்றைக்கு இந்த நிலையில் இருக்காது. அந்த ஆளைத் திருப்பி அனுப்பியவன் நான்.

ஆகவே, வேண்டாம் என்று எழுதாதே. நீ அவரைச் சந்தேகப்படுவதற்கு இருந்த ஒரே காரணம் என் பொய். ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் கையெழுத்துப் போடாதே. நீயே தேடிப் பிடித்த பழைய ஆட்களுக்குச் செய்யும் வேலையிலும் அவருக்குப் பங்கு என்று நாலாவது பக்கத்தில் இருக்கிறது, அதை எடுக்கச் சொல். பிரிய நினைத்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று மழுப்பியிருக்கிறார்கள், இத்தனை மாதம் என்று தெளிவாகப் போடச் சொல். மூலப் படங்கள் உன்னிடமே திரும்ப வேண்டும். பேர் விஷயம் ஒன்பதாவது பக்கத்தில் சரியாகவே இருக்கிறது, அந்த வரியை மட்டும் யார் சொன்னாலும் மாற்ற விடாதே, இடைஞ்சல் என்று சொன்னாலும்.

உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். உன் மாமாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, அதனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், கை குணமாக வேண்டும், உன் பேர் எல்லாப் படத்திலும் இருக்க வேண்டும். விளக்கை இடப்பக்கம் வைத்து வரை. மாதக் கடைசியை மறந்துவிடாதே.

உன் அம்மா மருந்துக் கடைக்கு இறங்கியிருக்கிறாள், இரண்டாவது மாடியில் நின்று என்னைத் திட்டுவது கேட்கிறது. அவள் திரும்பி ஏறுவதற்குள் இதைத் தபாலில் போட்டுவிட வேண்டும். அப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். இந்த விஷயத்தில் நான் கடைசியாகப் போட்ட கையெழுத்து உன்னுடையது. அதற்குக் கீழே என்னுடையதைப் போட எனக்கு இடமில்லை. வலது மூலையை வெறுமையாக விட்டு அனுப்புகிறேன்.