ஏரியில் இறங்கியவனுக்கு

என் அருமைப் போட்டிக்காரா,

எத்தனை முறை துவைத்தாலும் என் வெள்ளைச் சட்டையை விட்டு விமானப் பெட்ரோல் வாசனை போகமாட்டேன் என்கிறது. இன்று காலை கொடியிலிருந்து அதை எடுத்து மடித்த என் மனைவி, "உங்க ஃப்ரெண்டு வந்துட்டுப் போன மாதிரி இருக்குது வீடு" என்றாள். நானும் உன்னைப் போலச் சின்ன விமானம் ஓட்டுகிறவன்தான். உன்னைவிட அதிக வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஆனாலும் என் வீட்டில், என் சட்டையில் அடிக்கிற வாசனை உன்னுடையதாம். நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது, எனக்கு உன்மேல் இருக்கும் பொறாமை மட்டும் போகவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே பள்ளியில் படித்தோம், ஒன்றாகவே விமானம் ஓட்டக் கற்றோம், ஒரே பயிற்சிப் பள்ளியில் வேலைக்கும் சேர்ந்தோம். உன் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவார்கள். என் அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். நான் எல்லாவற்றையும் புத்தகத்தில் உள்ளபடி செய்வேன். நீ விசிலடித்துக்கொண்டே செய்வாய். தேர்வில் நான்தான் முதல், ஆனால் கேண்டீனில் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது உன் பக்கம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, நீ என்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்குள் நீ ஏரியில் இறங்கித் தொலைத்தாய்.

ஒரு ஜவுளி முதலாளியின் சொந்த விமானம் அது, நான்கு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் வண்டி. நம் ஊர்க் கோபுரங்களை மேலேயிருந்து பார்க்க அவர் ஆசைப்பட்டார், ஓட்ட உன்னை அனுப்பினார்கள். முந்தின நாள் பயிற்சிப் பள்ளிப் பக்கம் கோடை மழை கொட்டியிருந்தது, காஞ்சிபுரத்தில் பொட்டு மழையில்லை. வரதராஜர் கோயிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பெட்ரோல் வரும் வழியை இடது இறக்கையில் இருந்த டாங்கிலிருந்து வலது டாங்குக்கு மாற்றினாய். இன்ஜின் இருமியது, நின்றது. பழைய டாங்குக்கே திருப்பிப் பார்த்தும் எழவில்லை, குழாயெல்லாம் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. கீழே வீடும் தறியும் பேருந்துமாக நெருக்கிக்கொண்டு கிடந்தது ஊர். நீ பதறாமல் ஐயம்பேட்டைப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரிக்குச் சறுக்கிக்கொண்டு போய், ஒரு கீறலும் படாமல் நிறுத்தினாய்.

நான் மெக்கானிக்குகளோடு வேனில் வந்து சேர்ந்தபோது திருவிழாக் கூட்டம். "சத்தமே இல்லாம வந்துக்கினு இருந்துச்சுப்பா, பெருமாள் கருடன் மேல வர்றா மாதிரி!" என்று ஒரு அம்மா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். உன் கையில் இளநீர். நான் கிட்டே வரப் பார்த்தேன். "கொஞ்சம் தள்ளிக்கோபா, பைலட்டுக்குக் காத்து வரட்டும்" என்று ஒருத்தர் என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கினார். நானும் அதே சீருடையில்தான் நின்றிருந்தேன்.

அப்புறம் சால்வை, மாலை, புடவைக் கடை வாசலில் உன் படம் போட்ட ஃபிளெக்ஸ். என் அம்மா அதைப் பார்ப்பதற்காகவே அந்தத் தெரு வழியாகக் கோயிலுக்குப் போனாள்.

"ஏன்டா, நீ எப்பனா ஏரியில எறக்கி இருக்கியா?" என்று சோறு போடும்போது கேட்டாள்.

"நான் ரன்வேலதான் எறக்குவேன்மா."

"அத்த எல்லாரும்தான் செய்றாங்க."

ரசத்துக்குக் காத்திருக்காமல் கை கழுவ எழுந்துவிட்டேன்.

மூடி இடுக்கு வழியாக வலது டாங்கில் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதை என்னிடம்தான் முதலில் சொன்னாய். பறப்பதற்கு முன் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்ப்போம். தண்ணீர் கனம், அடியில்தான் தங்கும். நம் பெட்ரோலுக்கு வெளிர்நீலச் சாயம் கலந்திருப்பார்கள், அதனால் வெள்ளையாக எதையாவது பின்னால் வைத்து நிறம் பார்க்க வேண்டும். நீ குழாயை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறாய். சாயப்பட்டறையில் வளர்ந்த கை வேறென்ன செய்யும்? முக்கியெடுத்த நூலை வெளியே கொண்டுவந்து வானத்துக்கு நேரே பிடித்தால்தான் உன் அப்பாவுக்கு நிறம் உறுதியாகும். "செவுத்தாண்ட வெச்சுப் பாக்காதடா, செவுரு பொய் சொல்லும்" என்பார். அன்று குழாய் முழுக்க இருந்தது வெறும் தண்ணீர். அதன் வழியே தெரிந்த வானத்தின் நீலத்தைப் பெட்ரோலின் நீலம் என்று எடுத்துக்கொண்டாய். உனக்கு ஜலதோஷம் வேறு, மோந்து பார்த்தாலும் தெரிந்திருக்காது.

நீ சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இனி அந்த ஃபிளெக்ஸ் கிழியும் என்று நினைத்தேன். நீயோ விசாரணைக்கு வந்தவர்களிடமும் அதையே ஒளிக்காமல் சொன்னாய். நானாக இருந்தால் மழையின்மேல் பழியைப் போட்டிருப்பேன். கொஞ்ச காலம் உன்னைப் பறக்கவிடாமல் உட்கார வைத்தார்கள். சரி, ஒழிந்தது என்று இருந்தால், திரும்பி வந்ததும் மூத்த பயிற்சியாளர் பதவி உனக்கு! நான் அதற்காகக் காத்துக்கிடந்தது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். "அவன் சொன்னா பசங்க மறக்க மாட்டாங்க" என்றார் நம் தலைமைப் பயிற்சியாளர்.

அதுவும் உண்மைதான், அதனால்தான் இன்னும் எரிந்தது. ஒவ்வொரு புது வகுப்பிலும் அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கண்ணு தெரியாதவன் இல்லப்பா, ரொம்பத் தெரிஞ்சவன். அதான் ஏமாந்தேன்" என்று ஆரம்பிப்பாய். வகுப்பு சிரிக்கும். அதற்குப்பின் ஒரு பிள்ளையும் அந்தச் சோதனையில் தவறியதில்லை. நான் அடுத்த அறையில் வானிலைப் பாடம் நடத்திக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்பேன். எல்லாவற்றையும் சரியாகவே செய்தவனிடம் சொல்வதற்குக் கதை ஏது? உன் தப்பின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

ஈரல் கெட்டு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தேன். கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. அந்த நிலைமையிலும் வாய் அடங்கவில்லை.

"இன்னாடா, உனக்கு இன்னும் ஒரு தடவகூட இன்ஜின் நிக்கலையா?"

"நான் ஒழுங்கா செக் பண்றேன்."

"அதான்டா உன் கஷ்டம்" என்று சிரித்தாய். அப்போதுதான் புரிந்தது, ஆரம்பத்திலிருந்தே உனக்கு எல்லாம் தெரியும் என்று. உன் இறுதி ஊர்வலத்தில் தெரு கொள்ளாத கூட்டம். எனக்கு இதில் பாதியாவது வருமா என்று அழுதுகொண்டே யோசித்தேன். இப்படியும் ஒரு சிநேகிதன் உனக்கு.

போன வாரம் எனக்கும் இன்ஜின் நின்றது.

பழுது பார்த்து முடித்த விமானத்தைத் தனியாக ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும் முன் பெட்ரோலை வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தேன், எல்லாம் சரி. மேலே போனபின் எரிபொருள் குழாயின் இணைப்பு ஒன்று விட்டு, என் காலிலும் சட்டையிலும் பெட்ரோல் தெறித்தது. தீப்பிடிக்கும் முன் வால்வை மூடி இன்ஜினை நானே நிறுத்தினேன். கீழே நம் ஊர்ப்பக்கம்தான். ஏரி கண்ணுக்குத் தெரிந்தது, இந்த வருஷமும் வற்றித்தான் கிடந்தது. உன் ஏரியில் இறங்க எனக்கு மனசு வரவில்லை. உயிர் போகிற நேரத்திலும் வீம்பைப் பார். கடலைச் செடி பிடுங்கி வெறும் நிலமாக மல்லாக்கொட்டைக் கொல்லை ஒன்று நீளமாகக் கிடந்தது, அதில் இறக்கினேன். சொன்னால் என்ன, உன்னுடையதைவிட நல்ல இறக்கம். சக்கரம் வரப்பைத் தொடவில்லை. பார்த்தது நாலைந்து ஆடுகள்தான்.

கொல்லைக்காரம்மா ஓடிவந்தார். பின்னால் இன்னும் சில பேர்.

"அடி கிடி ஒண்ணும் படலியே சார்? ஏன் சார், அன்னிக்கி ஏரியில எறக்குனது நீங்கதான?"

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது. "நான் இல்லீங்க. அது என் ஃப்ரெண்டு" என்றேன்.

"அப்பிடியா. நல்லாருக்காரா அவரு?"

"நல்லாருக்காருங்க" என்று சொல்லிவிட்டேன்.

வேன் வரும்வரை அவர்கள் உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். நானும் சொன்னேன். வானம், குழாய், உன் அப்பாவின் செவுரு, எல்லாம் உன்னைப் போலவே சொன்னேன். சிரித்தார்கள். பேச்சு முடிந்தபின் ஒரு ஓரமாகப் போய் போனை எடுத்தேன். அதில் உன் நம்பர் இன்னும் இருக்கிறது. நீ கேட்டிருந்தால் முதலில் கேலி பண்ணியிருப்பாய். ஆனால் அதற்கு முன் ஒரு நொடி உன் முகம் சுருங்கியிருக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். இறக்கியும் விட்டேன், உன்னைவிட நன்றாகவே இறக்கினேன். வயிறெரிய நீ இல்லையே, பாவி.