இலை போடாத குடுவை

மார்ச் 3

இல்லை, மறந்துவிடவில்லை. வேண்டுமென்றேதான் நான்கு நாளாகப் பதில் போடாமல் இருந்தேன்.

மின்னஞ்சல் அனுப்பியவள் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண். எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அதே இலை, அதே கரைப்பான், அதே சூடு என்று நான்கு மாதமாகச் செய்துபார்க்கிறாளாம். ஒன்றும் வரவில்லையாம். எந்தப் பாத்திரம், எத்தனை முறை கழுவியது என்பதுவரை பட்டியல் போட்டிருக்கிறாள். எல்லாம் கண்ணாடி. எல்லாம் மூன்று முறை. கடைசி வரி: "எனக்குக் கைராசி இல்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். நான் எங்கே தவறு செய்கிறேன், அக்கா?"

என் ஆய்வு வழிகாட்டியான மேடத்திடம் காட்டினேன். சிரித்தார். "எல்லாருக்கும் உன் கைராசி வந்துடுமா?"

பதில் போட்டேன். இலையை நிழலில் காயவையுங்கள், அவசரப்படாதீர்கள் என்று. எழுதும்போது கொஞ்சம் சுகமாக இருந்தது. அதையும் குறித்துவைக்கிறேன்.

மார்ச் 5

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தான். பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலை. சட்டையில் அந்தச் சூட்டு வாசனை. நான் மூக்கைப் பொத்தினால் அவன் இன்னும் நெருங்கி உட்காருவான்.

"என்ன பச்சைக்காரி, என் மருமக எப்படி இருக்கா?"

இலையிலிருந்து நான் பிரித்தெடுக்கும் வெள்ளைப் பொருள்தான் மருமகள். மெழுகு மாதிரி இருக்கும். நரம்பு நோயில் அளவுமீறி ஆடும் ஒரு நொதியைக் கட்டிப்போடும். ஆய்வகத்தில் அதற்குப் பாப்பா என்று பெயர். எனக்குப் பாப்பா என்றால் இவன் தாய்மாமனாம்.

"எப்போதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவே?"

"மொத்தமே முப்பது மில்லிகிராம். நீ தும்மினா பறந்துடுவா."

"அவ்ளோ மெலிஞ்சவளா? சோறு போடறியா இல்லையா நீ?"

மார்ச் 9

நான்காம் அதிகாரம் முடிந்தது. ஏப்ரல் 10 அன்று ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். "நச்சில்லாத கரைப்பானுக்கு மட்டுமே இந்த இலை திறக்கிறது." மேடத்துக்குப் பிடித்த வாக்கியம். எனக்கும். கடைசியாக ஒருமுறை செய்து எண்களைச் சரிபார்த்தால் போதும்.

மார்ச் 12

இலை போடவில்லை.

நிதானமாக எழுதுகிறேன். ஆறு குடுவை. வெளிச்சம் படாமல் ஆறிலும் அலுமினியத் தகடு சுற்றியிருந்தேன். வடிகட்டும்போது ஐந்தாவதில் மட்டும் தாள் வெள்ளையாகவே நின்றது. திரும்பிப் பார்த்தால் தராசுக்குப் பக்கத்தில் எடைபோட்ட இலைப்பொடி அப்படியே இருக்கிறது. சிரித்துக்கொண்டேன். கொட்டத்தான் போனேன். சரி, பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவியை அலசின மாதிரி இருக்கட்டும் என்று அதையும் ஏற்றினேன்.

பதினான்காம் நிமிடம். வரைபடத்தில் பாப்பாவின் முகடு.

மற்ற ஐந்தில் வந்த அதே இடத்தில். அதே உயரம்.

இலையே இல்லாமல்.

கருவி பழுதா? நான் பழுதா?

மார்ச் 13

குடுவையில் ஒட்டியிருந்த மிச்சமோ? பெட்டி பிரிக்காத புதுக் குடுவையில் செய்தேன். வந்தாள். கருவியில் மிச்சமோ? வெறுமனே ஓட்டினேன். வரவில்லை.

வெறும் கரைப்பானைச் சோதிக்காமல் விட்டேனா? இல்லை, முதல் வாரமே சோதித்தேன். குறிப்பேட்டில் இருக்கிறது. "சுத்தம்." ஆனால் அது மாதிரிக்கு வந்த சின்னக் கண்ணாடிப் புட்டி. அதற்குப் பிறகு எல்லாம் இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேன்.

அந்தப் புட்டி இன்னும் அலமாரியில் இருந்தது. அடியில் கொஞ்சம். ஓட்டினேன். நேர்கோடு. கேனிலிருந்து எடுத்து ஓட்டினேன். பதினான்காம் நிமிடம்.

பழைய கரைப்பான்கள் நச்சு. பயந்து பயந்து பழுப்புக் கண்ணாடியில் பூட்டிவைத்தோம். இது புளித்த பாலின் அமிலமும் சாராயமும் சேர்ந்தது, சாது. சாதுவுக்குக் கேன் போதுமென்று விட்டுவிட்டோம். சாது உட்கார்ந்த இடத்திலேயே கேனைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வருடம்.

மார்ச் 14

அண்ணனிடம் பாப்பாவின் முழுப் பெயரைச் சொன்னேன். முதல் தடவையாக.

"என்னது, இன்னொரு தடவை சொல்லு." சொன்னேன். "ஏய், அது எங்க வழுக்கு மெழுகுடி."

"என்ன மெழுகு?"

"மூடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம வழுக்கணும்ல, அதுக்குக் கலக்கறது. கேனுக்கும் போடுவாங்க. மூட்டை மேல இந்தப் பேர்தான் இருக்கும். இருபத்தஞ்சு கிலோ மூட்டை. நான்தான் தினம் பிரிச்சுக் கொட்டறேன்."

முப்பது மில்லிகிராம். இருபத்தைந்து கிலோ.

"அப்போ அவ மாமன் கம்பெனிப் பொண்ணா?" என்று சிரிக்க ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "பேரை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

சொல்லியிருக்கலாம். உனக்கு எங்கடா புரியப்போகுதுன்னு நெனச்சேன். இதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

மார்ச் 16

மேடத்தின் மேசையில் புட்டியின் வரைபடத்தையும் கேனின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கேனா?"

"கேன்தான் மேடம்."

"நான்தானே கேன்ல வாங்கச் சொன்னேன்." பிறகு, "யார்கிட்டயாவது சொன்னியா?"

"அண்ணன்கிட்ட."

"அவர் நம்ம துறை இல்லையே."

இல்லை. அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

"இங்க பாரு. நாலாம் அதிகாரம் போனா உன் கையில என்ன மிஞ்சும்? முதல்ல ஆய்வேட்டைக் குடு. பட்டத்தை வாங்கு. அப்புறம் நானே ஒரு திருத்தம் அனுப்பறேன்."

குரலில் கெடுதலே இல்லை. பரிவாகத்தான் சொன்னார். தலையாட்டினேன். ஆட்டினேனா? ஆட்டினேன்.

மார்ச் 17

இன்னும் இருபத்துநான்கு நாள். பட்டம். அப்புறம் திருத்தம். அப்புறம் என்றால் எப்போது?

மார்ச் 18

அந்தப் பெண்ணிடமிருந்து மறுபடி. "நன்றி அக்கா. நிழலில்தான் காயவைத்தேன். இந்தத் தடவையும் வரவில்லை. மாதக் கடைசியோடு என்னை ஆராய்ச்சியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் போல. குறை என் கையில்தான், வேறென்ன."

நன்றி சொல்கிறாள். எனக்கு.

ஐயோ, நான் என்ன எழுதி அனுப்பினேன்? நிழல்ல காயவைன்னு. அவசரப்படாதேன்னு. அவ ஒழுங்கா செஞ்சதாலதான்டி அவளுக்கு வரல. எல்லாம் கண்ணாடின்னு முதல் நாளே எழுதியிருந்தாளே. படிச்சேனே.

மார்ச் 19

காலையிலேயே மேடத்திடம் போனேன். இன்றைக்கே பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றேன்.

"உனக்கு ரெண்டு வருஷம் போயிடும்."

"தெரியும் மேடம்."

"எனக்குப் பேர் போயிடும்."

நின்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அனுப்பாதே என்று மட்டும் சொல்லவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதி, ஐந்தாம் குடுவையின் வரைபடத்தை இணைத்தேன். பிறகு அவளுக்கு: "அந்த இலையில் அது இல்லை. எங்கள் கேனில் இருந்தது. உங்களுக்கு வராததுதான் சரியான விடை. முந்தைய பதிலுக்கு மன்னிக்கவேண்டும். இதை உங்கள் பேராசிரியரிடம் காட்டுங்கள். கைராசி இல்லாதது உங்களுக்கு அல்ல."

இரண்டும் போய்ச் சேர்ந்தன.

கேனை வெளியே எடுத்துவைத்தேன். புதுக் கண்ணாடிப் புட்டியில் கரைப்பான் வாங்கி வந்து, குடுவையை மூன்று முறை கழுவி, இலை போடாமல் முதல் ஓட்டம் ஓட்டினேன்.